நாள்தோறும் ஒரு கோலம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீட்டின் நாள் வாசலில் தொடங்குகிறது. பொழுது புலரும் முன்னரே வாசலைப் பெருக்கி நீர் தெளிப்பர். ஈரம் காய்வதற்குள் கோலமிட்டு முடிப்பர். ஈர மண்ணில் மாவு பறந்துவிடாமல் படியும் என்பதே இதற்குக் காரணம். நடப்போரின் கால்களும் வண்டிச் சக்கரங்களும் பட்டு, மாலைக்குள் அக்கோலம் கலைந்துவிடும். மறுநாள் விடியலில் அதே இடத்தில் வேறொரு கோலம் தோன்றும். கலையும் என்று அறிந்தே நாள்தோறும் வரையப்படுவது கோலத்தின் தனிச்சிறப்பு.

கோலத்தில் வகைகள் பல உண்டு. புள்ளிகளைக் கோடுகளால் இணைப்பது புள்ளிக்கோலம். புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து செல்வது சிக்குக்கோலம். அரைத்த அரிசி மாவை நீரில் கரைத்து, சிறு துணியில் நனைத்து, விரல்வழி ஒழுகவிட்டு இடுவது மாக்கோலம். அரிசி மாவினால் இட்ட கோலம் எறும்புகளுக்கும் உணவாகும்.

கோலமிடுகையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு நூல்போல் இறங்கும். மிகுதியாக விட்டால் கோடு தடிக்கும், குறைத்தால் அறும். ஒரு புள்ளி வரிசையிலிருந்து விலகினாலும் அடுத்து வரும் வளைவுகள் கோணலாகும். ஆதலால் கோலமிடுபவரின் கண்ணும் கையும் எண்ணமும் ஓரிடத்திலேயே நிற்கின்றன. மனத்தை ஒருமுகப்படுத்துமாறு அவருக்கு எவரும் சொல்வதில்லை. கோடு அறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையே மனத்தை நிலைநிறுத்துகிறது.

கோலத்தில் கணிதமும் அடங்கியுள்ளது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியல் நோக்கில் ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

கோலம் வீட்டின் செய்தியையும் ஊருக்குத் தெரிவிக்கும். திருமண வீட்டின் வாசலில் பெரிய கோலம் விரியும். துக்க வீட்டின் வாசலில் கோலம் இராது. வழக்கமாகக் கோலமிடும் வீட்டின் வாசல் ஒருநாள் வெறுமையாக இருந்தால், அண்டை வீட்டார் வந்து நலம் விசாரிப்பர்.

வேலையின் பொருட்டுப் பிற மாநிலங்களுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. அங்கே மண் வாசல் இல்லை. கதவைத் திறந்தால் பொது நடைவழி. அதில் மாவு சிந்தினால் அடுத்த வீட்டார் முகம் சுளிப்பரோ என்ற தயக்கமும் உண்டு. ஆகவே பல வீடுகளில் அச்சிட்ட கோல ஸ்டிக்கர் இடம்பெற்றுவிட்டது. அது அழகானது, எளிதில் கலையாதது. கலையாததனால், மறுநாள் அதன்முன் எவரும் குனிய வேண்டியதில்லை. கோலத்தின் வடிவம் அங்கே இருக்கிறது. கோலமிடும் பழக்கம் இல்லை. பாட்டியிடமிருந்து தாய் கற்றது பிள்ளைகளை அடையாமல் நின்றுவிடுகிறது.

வாசல் இல்லாவிடினும் பழக்கம் தொடரலாம். கோலம் பழகுவோர் ஊரிலும் நோட்டில் வரைந்து பார்ப்பது உண்டு. நடுவில் 3 புள்ளிகள், அவற்றின் நடுப்புள்ளிக்கு மேலே 1, கீழே 1 என 5 புள்ளிகள் போதும். பென்சிலை எடுக்காமல், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே கோடு தன்னையே குறுக்கிடுமாறு வளைத்துச் சென்றால், ஐந்தையும் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரலாம். முதல் நாள் வளைவுகள் ஒத்திரா. தவறியதை அழிக்க வேண்டியதில்லை. மறுநாள் புதிய பக்கத்தில் மீண்டும் வரைந்தால் போதும். இப்பழக்கம் சிறுமியர்க்கு மட்டும் உரியதன்று, சிறுவர்க்கும் உரியது.

தரையில் வரையும் வழக்கம் பிற மாநிலங்களிலும் உண்டு. இராஜஸ்தானில் மாண்டணா, வங்காளத்தில் அல்பனா, உத்தராகண்டில் ஐப்பண் என அது வழங்கப்படுகிறது. எனவே அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் இக்கலை தெரிந்திருக்கலாம். தயங்காமல் சென்று கேட்கும் குழந்தை, தன் வீட்டுக் கோலத்தை அவருக்குக் காட்டி, அவருடைய ஊர் வடிவத்தைத் தானும் கற்றுக்கொள்ளலாம்.

சொற்பொருள்
புலர்தல் – விடிதல்
அறும் – துண்டாகும்
ஒத்திரா – ஒன்றுபோல் இரா
பொருட்டு – காரணமாக

பயிற்சி
1. ஈரம் காய்வதற்குள் கோலமிடுவது ஏன்?
2. கோலமிடும் பழக்கத்திற்கும் கோல ஸ்டிக்கருக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பாடத்தில் கூறிய 5 புள்ளிக் கோலத்தை ஏழு நாள்கள், நாளுக்கு ஒரு பக்கமாக வரைக. முதல் நாள் கோலத்தையும் ஏழாம் நாள் கோலத்தையும் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.