ஜி.எச்.சா, தனியாரா? முதலில் நோயின் அவகாசத்தைக் கேளுங்கள்

மூட்டு தேய்ந்தவர், 'ஜி.எச்.சில் ஆபரேஷன் தேதி கிடைக்க மாதக்கணக்காகும்' என்று யாரோ சொன்னதை நம்பி, நகையை அடகு வைத்துத் தனியாரில் சேர்கிறார். நெஞ்சுவலி வந்தவரோ, செலவுக்குப் பயந்து விடியட்டும் என்று வீட்டிலேயே படுத்துக்கிடக்கிறார். தமிழ்நாட்டில் இரண்டுமே அன்றாடம் நடப்பவை; இரண்டுமே தலைகீழ். மூட்டு காத்திருக்கும், இதயம் காத்திருக்காது. 'இதற்கு எத்தனை நாள் தாங்கும் டாக்டர்?' என்று முதலில் கேட்டுவிடுங்கள். அரசா தனியாரா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டோக்கன் கிடையாது. யார் நிலை மோசமோ அவருக்கே முதலிடம். இழுத்தடிப்பு இருப்பது ஓ.பி. சீட்டிலும், ஸ்கேன் தேதியிலும், தள்ளிப்போடத்தக்க அறுவைச் சிகிச்சைகளிலும்தான். அங்கே சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்பது நெடுநாளைய கட்டணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதுவும் இல்லை. வெளியே இதைப்போல் சில மடங்கு ஆகும். ஆனாலும் 'இலவசம்' என்று ஏமாந்துவிடக் கூடாது. தினக்கூலிக்காரர் மூன்று முறை அலைந்தால் மூன்று நாள் கூலி போச்சு, துணைக்கு வருபவருக்கும் அதே கதி. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

தனியாரில் இன்றே அட்மிஷன் கிடைக்கும். ஆனால் சேரும்போது சொல்லும் 'பேக்கேஜ்' தொகைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று எழுதி வாங்காவிட்டால் டிஸ்சார்ஜ் அன்று கையுறை, ஊசி, பஞ்சு என்று பில் நீளும். அறை விஷயத்தில் இன்னும் உஷார் தேவை. ஒரே ஆபரேஷனுக்குத் தனி அறைக்காரருக்கு ஒரு கட்டணம், பொது வார்டுக்காரருக்கு வேறு கட்டணம் என்று வாங்கும் மருத்துவமனைகள் பல. உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்து, அதைத் தாண்டிய அறையை எடுத்தால், வாடகையோடு சேர்த்து மற்ற கட்டணங்களிலும் விகிதப்படி பிடித்துவிடுவார்கள்.

இதையெல்லாம்விட மோசமான வழி, தனியாரில் தொடங்கி, கையிருப்பு கரைந்த பிறகு ஜி.எச்.சுக்கு மாறுவது. நோயாளி மிகவும் பலவீனமான நேரத்தில்தான் ஐ.சி.யூ. படுக்கைக்குக் காத்திருக்க நேரும்.

நடுவே ஒரு பாதை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை உண்டு. முன் அனுமதி பெற்றுப் பணமின்றிச் சிகிச்சை பெறும் ஏற்பாடு இது. முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடாமல், அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குரிய சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். காப்பீட்டு அட்டை தேவையில்லை.

அவசரத்தில் திருப்பி அனுப்பினால்? சட்டம் உங்கள் பக்கம். 1992-ல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக 'வசதி இல்லை', 'படுக்கை இல்லை' என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவசரச் சிகிச்சை தர மறுப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்று அரசு கைகழுவ முடியாது என்றது. தனியார் டாக்டருக்கும் தப்பிக்க வழியில்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை, போலீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் கவனிக்க வேண்டும் என்று 1989-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர் நடத்தை விதி; எழுதிக் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். பில் தகராறுக்காக நோயாளியையோ உடலையோ பிடித்துவைக்கக் கூடாது என்கிறது நோயாளர் உரிமைச் சாசனம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. யாரிடமும் கட்டணம் வாங்காத மருத்துவமனைமீது அங்கே வழக்குப் போட முடியாது. அரசு மருத்துவமனையில் குறை என்றால் நிலைய மருத்துவ அலுவலர் அல்லது டீன், 104, முதல்வரின் முகவரியின் 1100 என்று மேலே போங்கள். மனு எண்ணைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள்.