வங்கிகள் போட்டியிட்டால் வியாபாரிக்கு என்ன இலாபம்?

கரவனெல்லப் பகுதியில் இறப்பர், பாக்கு வாங்கி விற்கும் நம்மவர் சிலர், வட்டிக்கு அஞ்சிப் பணத்தை நடைமுறைக் கணக்கிலேயே வைத்திருந்ததை நான் அறிவேன். அவர்களுக்கு வருமானம் எதுவுமில்லை. வங்கியோ அதே பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி பெற்றது.

வைப்பாளருக்குக் கொடுப்பதற்கும் கடனாளியிடம் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வங்கியின் செலவும் இலாபமும் அடங்கியுள்ளன. போட்டி இல்லாவிடில், சீரற்ற நிர்வாகத்தின் செலவையும் வாடிக்கையாளரே சுமக்க நேரிடும்.

1961இல் இலங்கை வங்கி அரசுடைமையானது. மக்கள் வங்கியும் அதே ஆண்டில் உருவானது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் தனியார், வெளிநாட்டு வங்கிகள் பெருகின. எனினும், வட்டியைத் தவிர்ப்போருக்கு இந்தப் போட்டியால் பயன் குறைவே. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதும் அவர்களுக்கும் வழி பிறந்தது. 2011இல் அமானா வங்கி ஆரம்பமானது. வேறு வங்கிகளும் இஸ்லாமியப் பிரிவுகளை நடத்துகின்றன.

ஆகவே, முராபஹா வசதி பெறுமுன் இரண்டு இடங்களிலாவது விசாரியுங்கள். பொருளுக்கு நாம் செலுத்தும் மொத்த விலை எவ்வளவு? ஆவணக் கட்டணம் எவ்வளவு? தவணை பிந்தினால் என்ன அறவிடுவார்கள்? ‘இஸ்லாமிய’ என்ற பெயரை மட்டும் பார்த்துக் கையொப்பமிட வேண்டாம்.

சரக்கு வாங்கப் பத்துக் கடை ஏறி விலை கேட்கும் நாம், வங்கியில் மட்டும் வாய்மூடி இருப்பதேன்?