ஒரே எஞ்சின், இரண்டு முறுக்கு

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 2022-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விவரத்தாளில் ஒரு வேடிக்கை இருந்தது. எஞ்சின் ஒன்றுதான்: 2,755 சிசி டர்போ டீசல், 204 பிஎஸ் திறன். முறுக்குவிசை மட்டும் மேனுவல் கியர் வண்டியில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. ஆட்டோமேட்டிக் என்றால் நோஞ்சான், பாரம் ஏற்ற மேனுவல்தான் லாயக்கு என்று நம் பக்கத்து டிரைவர்கள் அடித்துச் சொல்வதற்கு இது நேர் எதிர்.

இந்த 80 நியூட்டன் மீட்டர் வித்தியாசம், எஞ்சினை ஆளும் கணினிக்குள் எழுதிவைத்த ஒரு வரம்பு. பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் எஞ்சினை முறுக்க விடுவார்கள். திருவண்ணாமலை மகாரதத்தை இழுக்க ஆயிரக்கணக்கானோர் திரண்டாலும், வடம் தாங்குகிற அளவுக்குத்தானே இழுக்க முடியும்? ட்யூனிங் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இழுப்பவர்களை எண்ணுகிறார்கள், வடத்தைப் பார்ப்பதில்லை.

டர்போவைப் பற்றிச் சுருக்கமாக. டீசல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ டீசலுக்குக் குறைந்தது பதினான்கரை கிலோ. புகையில்லாமல் எரிய அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் ஓடும். அமுக்கிய காற்று சூடேறிவிடும் என்பதால் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பியூஷி டர்போவுக்குக் காப்புரிமை கேட்டது 1905-இல். ஆட்டோமேட்டிக் கியருக்கு அடிப்படையான டார்க் கன்வெர்ட்டரின் மூலக் கருத்துக்கு, கப்பல் கட்டும் தளத்தில் வேலைபார்த்த ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் காப்புரிமை கேட்டதும் அதே 1905-இல்தான். இரண்டும் ஒரே பிக்கப்பின் பானெட்டுக்கு அடியில் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

பழைய டீசல் வண்டிகளில் ட்யூனிங் என்பது பம்ப் கடை வேலை. திருகைக் கொஞ்சம் திருப்பினால் டீசல் கூடும், வண்டி சீறும், பின்னால் வருபவர் முகத்தில் கருப்புப் புகை அடிக்கும். அழுத்தமேற்றிய டீசலை எல்லா சிலிண்டருக்கும் பொதுவாகத் தேக்கிவைக்கும் குழாயான காமன் ரெயில் வந்தபிறகு திருகு போய்விட்டது. கணினிக்குள் அட்டவணை அட்டவணையாக எண்கள்: இத்தனை சுற்றில், இத்தனை பெடலுக்கு எவ்வளவு டீசல், ரெயிலில் எவ்வளவு அழுத்தம், டர்போ எவ்வளவு காற்று தர வேண்டும், புகை வராமலிருக்க எங்கே நிறுத்த வேண்டும், எந்த கியரில் எவ்வளவு முறுக்கலாம். ட்யூனர் லேப்டாப்பை மாட்டி இந்தக் கோப்பைப் படித்து, எண்களைத் திருத்தி, திரும்ப ஏற்றுகிறார். ரீமேப் என்பது இதுதான்.

கம்பெனிக்காரன் சக்தியை ஒளித்து வைத்திருக்கிறான், நாம் திறந்துவிடுகிறோம் என்று இதைச் சொல்லி விற்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒளித்து வைத்ததல்ல, கெட்ட காலத்துக்கென்று ஒதுக்கி வைத்தது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மே மாதப் பகலில் ஏறுகிற வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. ஜவ்வாது மலைமேல் இன்னும் கொஞ்சம் போய்விடும். காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் மேலும் 8 சதவீதம் குறைந்திருக்கும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். ஏர் ஃபில்டரில் செம்மண், பின்னால் புளி மூட்டை. இத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்த ஒதுக்கீடு. ட்யூனர் அதை முன்பே செலவழித்துவிட்டால், மலையேறும்போது டர்போவுக்குக் கையிருப்பு இருக்காது.

கியர்பாக்ஸ் கதை இன்னும் நுட்பமானது. டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் சுழற்றும் இறகுகள் எண்ணெயை வீச, எதிரே உள்ள இறகுகள் அந்த வேகத்தை வாங்கிச் சுழல்கின்றன. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முறுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகும். ஆனால் நழுவல் இருக்கும்வரை எண்ணெய் கொதிக்கும். வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் இறுக்கிப் பிணைக்கிறது. கியர் மாற்றுவதும் எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் கிளட்ச் தட்டுகள்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கியர்பாக்ஸ் கணினிக்கு எப்படித் தெரியும்? எஞ்சின் கணினி சொல்கிறது: "இப்போது நான் இவ்வளவு முறுக்குகிறேன்." அதற்கேற்ப அழுத்தம் வைக்கப்படுகிறது.

மலிவான ட்யூனிங் பெட்டிகள் கெடுப்பது இந்த இடத்தில். ரெயில் அழுத்த சென்சாரின் வயருக்கு நடுவே செருகி, இருப்பதைவிடக் குறைவான அழுத்தத்தைக் காட்டிப் பொய் சொல்வதுதான் அவற்றின் தொழில். எஞ்சின் கணினி அதை நம்பிக் கூடுதல் டீசல் அடிக்கும். தான் எவ்வளவு முறுக்குகிறது என்று அதற்கே தெரியாது. கியர்பாக்ஸ் பழைய கணக்குப்படியே இறுக்க, தட்டுகள் வழுக்கும். டிரைவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் கியர் விழும்போது ஒரு இழுவை, ஏற்றத்தில் வேகம் கூடாமல் சுற்று மட்டும் எகிறுதல். எண்ணெயை இறக்கிப் பார்த்தால் கருத்து, தீய்ந்த வாடை அடிக்கும்.

நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் காய்கறியும் நெல்லும் ஏற்றும் பொலீரோ, தோஸ்த் பிக்கப்கள் மேனுவல்தான். அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. ஆட்டோமேட்டிக் என்றால் ஹைலக்ஸ், ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பௌர்ணமி கிரிவலத்தன்று திருவண்ணாமலைக்குள் வரும் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும்போது அந்த கியர்பாக்ஸ்களின் எண்ணெய் படும் பாடு வேறு.

இன்னொரு பக்கமும் உண்டு. ரீமேப் செய்தால் வாரண்டி கேள்விக்குள்ளாகும். 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பிஎஸ்-6 புகை விதியை மீறும் அளவுக்குப் புகை கூடினால், வண்டியின் டீசல் துகள் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி எறிந்து கோப்பிலும் அழித்துவிடச் சொல்லும் கடைகளின் பக்கமே போகக்கூடாது.

தெரிந்த ட்யூனர் எஞ்சின் கோப்பையும் கியர்பாக்ஸ் கோப்பையும் சேர்த்தே திறப்பார். முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றச் சொல்வார். முறுக்கை உயர்த்தும் அளவுக்குத் தட்டுகளின் அழுத்தத்தையும் உயர்த்துவார், லாக்-அப் கொஞ்சம் முன்பே பிணையும்படி வைப்பார், முதல் இரண்டு கியர்களில் வரம்பைத் தொடமாட்டார். பிறகு பாரம் ஏற்றி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறுவார். கியர்பாக்ஸ் எண்ணெய் 120 டிகிரியை நெருங்கினால், கூட்டிய எண்ணில் பாதியைத் திரும்ப எடுத்துவிடுவார்.