உஷார்! பிக்கப்புக்காகக் காரைக் கழற்றப் போகிறீர்களா?

"பின்சீட்டைத் தூக்கிடலாம். பம்பருக்குள்ள இருக்கிற இரும்பைக் கழற்றிடலாம். பானெட்டை ஃபைபர்ல போட்டுக்கலாம். அப்புறம் பாருங்க, வண்டி பறக்கும்!" கராஜில் யாராவது இப்படி ஆசை காட்டினால், கார் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

எடை குறைந்தால் கார் சுறுசுறுப்பாகும் என்பது உண்மைதான். அதே இன்ஜினுக்குச் சுமை குறைவதால் பிக்கப் கூடும், வளைவில் வண்டி சொன்னபடி திரும்பும், பிரேக் அதிகம் சூடாகாது. 1996இல் விற்பனைக்கு வந்த பிரிட்டனின் லோட்டஸ் எலிஸ், சுமார் 725 கிலோ எடையும் 1.8 லிட்டர் இன்ஜினும் வைத்துக்கொண்டே பெரிய இன்ஜின் கார்களுக்குத் தண்ணி காட்டியது. ஆனால், அது கழற்றிக் குறைத்த எடை அல்ல. அலுமினியச் சட்டத்தில் தொடங்கி எல்லாவற்றையும் இலேசாகவே வடிவமைத்தார்கள். நம் வீட்டு வாசலில் நிற்கும் காரோ, அதன் முழு எடையையும் கணக்கில் வைத்து ஸ்பிரிங், பிரேக், ஏர்பேக் எல்லாம் பொருத்தப்பட்டது.

கிடைப்பது எவ்வளவு?

டிரைவரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார், 13 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 கிலோவைக் கழற்றினால் மிச்சமாவது ஏறக்குறைய அரை விநாடி. டாப் ஸ்பீடு கூடுமா? கூடாது என்றே சொல்லலாம். அந்த வேகத்தில் காரைத் தடுப்பது பெரும்பாலும் காற்று, எடை அல்ல. மைலேஜும் அப்படித்தான். காரில் 45 கிலோ கூடினால் மைலேஜ் சுமார் 1 சதவிகிதம் குறையலாம் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. லிட்டருக்கு 20 கி.மீ. தரும் காரில் அவ்வளவு எடையைக் குறைத்தாலும் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 200 மீட்டர்!

இழப்பது என்ன?

பம்பர் பீம்: பிளாஸ்டிக் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இந்த இரும்புச் சட்டம்தான் மோதலின் முதல் அடியை வாங்கி, இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அதைக் கழற்றினால் சிறிய இடியே ரேடியேட்டர் வரை உள்ளே போகும். பெரிய மோதலில், ஏர்பேக் விரிய வேண்டிய நேரக் கணக்கே குழம்பலாம்.

பின்சீட்: பெரும்பாலான கார்களில் இன்ஜின் முன்னால் இருப்பதால் எடையும் முன்பக்கமே அதிகம். பின்னாலும் எடையைக் குறைத்துவிட்டால், மழையில் சடன் பிரேக் அடிக்கும்போது பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து வண்டியின் வால் சுழலும் ஆபத்து கூடுகிறது. டிக்கியில் இருக்கும் சாமான் உங்கள் பிடரிக்குப் பறந்து வராமல் தடுப்பதும் அந்தச் சீட்டின் முதுகுதான்.

ஃபைபர் பானெட்: கம்பெனி பானெட் மோதும்போது நடுவில் மடிந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. மட்டமான ஃபைபர் சில்லுசில்லாக உடையும். பூட்டு சரியாகப் பொருந்தாவிட்டால், ஹைவேயில் திறந்துகொண்டு கண்ணாடியை மறைத்துவிடும்.

மலிவான அலாய் வீல்: சக்கரத்தின் எடை குறைவது நல்லதுதான். ஆனால், தரச்சோதனை இல்லாத வார்ப்பு வீல் ஒரு பள்ளத்தில் இறங்கினாலே விரிசல் விடலாம்.

சைலன்சர் மேல் இருக்கும் தகடு: "சும்மா சத்தம்தான் போடுது" என்று இதைப் பிடுங்கிப் போடாதீர்கள். சைலன்சர் சூடு, காரின் தரைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் போகாமல் காப்பது இதுதான்.

ரேஸ் காரில் கழற்றுவதில்லையா?

கோவை கரி ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடும் ரேஸ் கார்களில் சீட், கார்பெட் எல்லாம் இருக்காதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால், கழற்றிய இடத்தில் இரும்புக் குழாய்க் கூண்டு, பல முனை பெல்ட், தீயணைப்பான் எல்லாம் ஏறியிருக்கும். டிரைவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். எதிரில் லாரி வராது. அவர்கள் கழற்றியதை மட்டும் பார்த்துவிட்டு, மாட்டியதைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

சட்டமும் சும்மா விடாது

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் இருந்தால் கிளைம் சிக்கலாகும். எடைக்காக ஸ்டெப்னியை எடுக்கலாமா? அது இல்லாமல் ஓட்ட 2020இல் அரசு வழிவிட்டது. ஆனால், டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால்தான்.

சரி, என்ன செய்யலாம்?

டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் மூட்டைகள், தேவையில்லாத ரூஃப் கேரியர், பெரிய ஊஃபர் பெட்டி ஆகியவற்றை இறக்குங்கள். முன்னால் மாட்டிய புல் பாரையும் கழற்றுங்கள். 2017இலேயே மத்திய அரசு அதற்கு எதிராக உத்தரவிட்டுவிட்டது. கழற்றினால் எடையும், ஏர்பேக் சரியாக விரியாமல் போகும் ஆபத்தும் ஒன்றாகக் குறையும். டயர் காற்றைச் சரிபாருங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்.

நீங்களாக ஏற்றிய எடையை இறக்குங்கள். கம்பெனி பொருத்திக் கொடுத்த எதிலும் கை வைக்காதீர்கள். அரை விநாடிக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்!