திசை மாறிய ஆறும் தெலுக் இந்தான் இறாலும்

பெர்த்தாம் ஆறு பிறவியில் கிழக்கே போகிற ஆறு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் மழைநீரை வாங்கிக்கொண்டு, ஜெலாய், பகாங் ஆறுகள் வழியாகத் தென்சீனக் கடலைச் சேர வேண்டியது. 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்ததும் அதன் போக்கு மாறிவிட்டது. தேங்கிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் இறங்கி, பேராக் பக்கத்து மின்நிலையங்களை ஓட்டிவிட்டு, பாத்தாங் பாடாங் ஆற்றில் கலக்கிறது. பிறகு பீடோர் ஆறு, பேராக் ஆறு, கடைசியில் மலாக்கா நீரிணை.

ஆக, கேமரன் மலையின் ஹாபுவில் கொழுந்து பறிக்கும்போது பெய்யும் மழை இன்று தெலுக் இந்தானைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகிறது. சாய்ந்த கோபுரத்துக்கு அடுத்து அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது ஊடாங் காலா எனும் பெரிய இறால். ஆண் இறாலின் கொடுக்குக் கால்கள் நல்ல நீலமாக, உடம்பைவிட நீளமாக வளரும். ஆற்றில் வாழும் இறால்தான். ஆனாலும் கடல் இல்லாமல் அதற்கு வம்சம் இல்லை. சினை இறால் ஆற்றோடு இறங்கி, உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்துக்கு வரும். அங்கே பொரிக்கும் குஞ்சுகள் சில வாரம் உவர்நீரில் வளர்ந்து, இறால் வடிவம் எடுத்த பிறகே எதிரோட்டத்தில் ஆற்றுக்குள் ஏறும். வெறும் நன்னீரில் விட்டால் சில நாளிலேயே செத்துப்போகும்.

இந்த ரகசியத்தை 1961இல் கண்டுபிடித்தவர் ஷாவோ-வென் லிங். பினாங்கு குளுகோரில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில்தான் அந்தச் சோதனைகள் நடந்தன. இன்று ஆந்திரா முதல் தாய்லாந்து வரை குளங்களில் இந்த இறாலை வளர்ப்பதற்கு அதுவே அடித்தளம். நம் மலேசியாவில் பிறந்த அந்த அறிவை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

மலையில் நடப்பதோ கவலை தருகிறது. முற்றிய தேயிலைப் புதர் மண்ணை ஓரளவு மூடிக் காக்கும். காடழித்துச் சரிவில் போட்ட காய்கறித் தோட்டங்களில் மண் கரைந்து ஓடுகிறது. ரிங்லெட் ஏரி வண்டலால் தூர்ந்து, பல ஆண்டுகளாகத் தூர்வாரியும் தீரவில்லை. கொள்ளளவு குறைந்த அந்த அணையிலிருந்து 2013 அக்டோபரில் திறந்துவிட்ட வெள்ளம் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் குடித்தது.

மலையில் கரையும் மண் ஆற்றோடு இறங்கி, இறால் பொரிக்கும் கழிமுகத்தையும் கெடுக்கக்கூடும். என்றாலும் அந்தக் கேடு முழுவதையும் மலைமேல் சுமத்துவது நியாயமாகாது. கீழே மணல் அள்ளுகிறார்கள், செம்பனை ஆலைகளும் இருக்கின்றன. ஆனால் மலையில் செய்யக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. ஓடைக்கரைக் காட்டைத் தொடக்கூடாது. செங்குத்துச் சரிவில் புதிதாகப் பாத்தி வெட்ட விடக்கூடாது. இதில் மாநில எல்லை குறுக்கே நிற்கிறது: நிலம் பகாங்குடையது, இறால் பேராக்குடையது. இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.