ஓசையில்லாச் சிறு கணினியும் வன்னியின் வெக்கையும்

மேசைக் கணினியொன்றை இயக்கியவுடன் முதலிற் காதில் விழுவது அதன் விசிறியின் இரைச்சலாகும். அவ்விரைச்சல் கணித்தலால் எழுவதன்று. கணித்தல் இயல்பாகவே ஓசையற்ற தொழில். நுண்செயலியினுள் எண்ணற்ற திரான்சிற்றர்கள் இடையறாது திறந்து மூடுவதாற் செலவாகும் மின்சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கே விசிறி வேண்டப்படுகின்றது. ஆதலின் ஓசையில்லாக் கணினியை அமைப்பது எவ்வாறு என்னும் வினா, வெப்பம் குறைந்த கணினியை அமைப்பது எவ்வாறு என்னும் வினாவேயாம்.

இவ்வினா குளிரூட்டிய அறைகளில் வாழ்வார்க்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம். கிளிநொச்சிக்குத் தென்மேற்கே குளமும் வயலுமாய் விரிந்து கிடக்கும் அக்கராயன் போன்ற ஊர்களுக்கோ அது தேவை பற்றியது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இங்கே புழுதி புகாத வீடில்லை. விசிறியுடைய கணினி அப்புழுதியை நாள் முழுதும் உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்பிக்கொள்கின்றது. புழுதி படிந்த கணினி மேலும் சூடாகும். சூடாகவே விசிறி மேலும் விரைந்து சுழன்று மேலும் புழுதியை இழுக்கும். இனி, மின்சாரத்தின் நிலையை நோக்கின், 1990இன் பின் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்றும் இவ்வூர்களில் வாழ்கின்றது. 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதையும் எவரும் மறந்திலர்.

வெப்பம் குறைந்த நுண்செயலியின் வரலாறு விந்தையானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகோர்ன் என்னும் சிறு நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் பேர்பர் என்னும் இருவர் ஆர்ம் எனப் பெயர்பெற்ற நுண்செயலியை வடிவமைத்தனர். அதனைப் பீங்கான் உறையிலிட்டால் விலை ஏறும். பிளாஸ்டிக் உறையிலிட்டால் விலை குறையும். ஆனால் பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. எனவே ஒரு வாற்றுக்கு மேற்படாத சக்தியில் அது இயங்கல் வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டனர். 1985 ஏப்ரல் 26இல் முதற் செயலி கைக்கு வந்து இயங்கத் தொடங்கியபோது, அது கொள்ளும் மின்னோட்டத்தை அளந்த மானி சுழியத்தையே காட்டிற்று. ஆராய்ந்து பார்த்ததில் செயலிக்குரிய மின்னிணைப்பே கொடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அயலிலுள்ள சுற்றுகளிலிருந்து கசிந்துவந்த மின்னைக்கொண்டே அது இயங்கிக்கொண்டிருந்ததாம்! செலவைக் குறைக்கக் கருதிய சிக்கனமே, பிற்காலத்திற் கைத்தொலைபேசிகள் யாவும் இவ்வினத்துச் செயலிகளை நாடுவதற்குக் காரணமாயிற்று.

அவ்வினத்துச் செயலியைக் கொண்டதே ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணினிக்கல்வி பயில விண்ணப்பிக்கும் மாணவர் தொகை குறைந்துவருவதைக் கண்டு கவலையுற்ற எபென் அப்டன் முதலியோர், மாணவர் கைக்காசில் வாங்கத்தக்க கணினியொன்றை ஆக்க முனைந்தனர். 2012 பெப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்த அதன் விலை 35 அமெரிக்க டொலர், நீளம் 85.6 மில்லிமீற்றர், அகலம் 56.5 மில்லிமீற்றர். பெட்டியில்லை, விசிறியில்லை, சுழலும் வன்தட்டுமில்லை. நினைவட்டையொன்றே அதன் களஞ்சியம். ஆயின் பின்வந்த வகைகள் ஆற்றல் மிகுந்தவை. அதற்கேற்ப வெப்பமும் மிகுந்தவை. 2023இல் வந்த ஐந்தாம் வகைக்கு உற்பத்தியாளரே விசிறியுடன் கூடிய குளிர்த்தியைத் தனியே விற்கின்றனர். எழுதவும் படிக்கவும் நிரல் பயிலவும் வேண்டுவோர் புதியதென்னும் ஒரே காரணத்தால் அதனை வாங்குதல் அறிவுடைமையன்று.

இனிப் பெட்டியைப் பற்றிக் கூறுவாம். வெறும் பலகையாக வரும் இக்கணினியைப் பல்லியும் எறும்பும் புழுதியும் அணுகாவண்ணம் காக்கப் பெட்டி வேண்டும். கடைகளிற் பேர்ஸ்பெக்ஸ் என வழங்கும் அக்ரிலிக் தகடு இதற்கு உவப்பானது. மரவேலைக்கருவிகளே போதும், உள்ளேயிருக்கும் உறுப்புக்களும் கண்ணுக்குத் தெரியும். (இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணிற் புகுந்த இத்தகட்டின் சிதறல்கள் தீங்கு செய்யாததைக் கண்ட கரோல்ட் ரிட்லி என்னும் மருத்துவர், 1949இல் இதனாலேயே செயற்கைக் கண்வில்லையை ஆக்கினார். கண்புரை நீக்கப்பெற்ற முதியோருட் பலர் இவ்வினப் பொருளைத் தம் கண்ணிலேயே தாங்கியுள்ளனர்.)

ஆனால் இங்கேதான் இடர் தோன்றுகின்றது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் அக்ரிலிக்கின் திறனிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரிது. அழகிய கண்ணாடிப்பெட்டி, உண்மையில், கணினிமேற் போர்த்திய கம்பளியேயாம். செயலியின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலையோடு செயலி தானே உண்டாக்கும் ஏற்றத்தைக் கூட்டிய தொகை. அவ்வேற்றம் 50 பாகை என்று கொண்டால், 20 பாகையுள்ள கேம்பிரிட்ஜ் அறையிற் செயலி 70 பாகையில் இருக்கும். 34 பாகையுள்ள அக்கராயன் வீட்டில் அதுவே 84 பாகையாகும். 80 பாகையைத் தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள இக்கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. பிறநாட்டார் எழுதிய செய்முறைகளை அப்படியே பின்பற்றுவோர் இந்த 14 பாகையை மறந்துவிடுகின்றனர்.

பரிகாரம் நம் முன்னோர் வீடுகளிலேயே உண்டு. மண்சுவருக்கும் கிடுகுக்கூரைக்கும் இடையே விட்ட இடைவெளியாற் சூடான காற்று மேலெழுந்து போக, கீழ்வாயிலாற் குளிர்காற்று புகும். மேற்காவுகை எனப்படும் இந்நிகழ்ச்சியைப் பெட்டியினுள்ளும் உண்டாக்கலாம். பெட்டியின் அடித்தட்டை 15 மில்லிமீற்றர் உயரக் கால்களில் நிறுத்தி, அடியிலும் உச்சியிலும் அகன்ற வாயில்கள் விடல் வேண்டும். கணினிப் பலகையைப் படுக்க வையாது நிமிர்த்தி வைத்தல் நன்று. அதன் இரு முகங்களையும் தழுவிக் காற்று மேலேறும். செயலிமேற் செதில்கள் கொண்ட அலுமினியத் துண்டை ஒட்டிச் செதில்கள் மேல்நோக்கி ஓடுமாறு அமைத்தல் வேண்டும். வாயில்களை நுளம்புவலையால் மூடினால் பல்லி புகாது. வலை காற்றையும் தடுக்குமாதலின் வாயிலைக் கணக்கிட்டதிலும் இருமடங்காக வெட்டுதல் தகும். சாளரத்தருகே வெயில் படும்படி வைத்தலோ பெருந்தவறு. ஒளியை உள்ளே விட்டு வெப்பக்கதிரை வெளியே விடாத இயல்பு அக்ரிலிக்குக்கும் உண்டு.

வேலைமுறை கடினமன்று. 3 மில்லிமீற்றர்த் தகட்டைக் கத்தியாற் பலமுறை கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் நேராக முறியும். காப்புத்தாளை இறுதிவரை உரித்தல் ஆகாது. துளையிடுங்கால் அடியில் மரப்பலகை வைத்து மெதுவாகத் துளைத்தல் வேண்டும். விரைந்தால் தகடு உருகிப் பிடிக்கும், அழுத்தினால் வெடிக்கும். குளோரபோம் தடவி ஒட்டுவாருமுளர். அதன் ஆவி நஞ்சாதலாலும், ஒட்டிய பெட்டியைத் திறக்க இயலாதாதலாலும் நான்கு மூலைகளிலும் நீண்ட திருகாணிகளைப் பூட்டுதலே மேலானது. மதுசாரத்தால் துடைத்தலையும் தவிர்த்தல் வேண்டும். வெட்டிய விளிம்புகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். ஆப்பிள் நிறுவனம் 2000இல் விசிறியின்றித் தெளிந்த பிளாஸ்டிக்கில் வெளியிட்ட கனசதுரக் கணினியிலும் மயிரிழை போன்ற கோடுகள் தெரிவதாக வாங்கியோர் முறையிட்டனர். மறு ஆண்டே அதன் உற்பத்தி நின்றது.

இவ்வாறமைந்த கணினி ஏறத்தாழ 6 வாற்று கொள்வதாகக் கொள்வோம். 12 உவோற்று, 7 அம்பியர்மணிப் பற்றரியொன்றில் 84 வாற்றுமணி உண்டு. ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையுமாதலின் 42 வாற்றுமணியே பயன்படும். மாற்றத்தில் நேரும் இழப்பை நீக்கினாலும் ஆறு மணித்தியாலம் இயங்கும். 120 வாற்று கொள்ளும் மேசைக் கணினியோ அப்பற்றரியில் இருபது நிமிடந்தானும் தாங்குவது அரிது. எனினும் திரையை இக்கணக்கிற் சேர்க்க மறத்தலாகாது. 15 வாற்றுத் திரையொன்றைப் பூட்டினால் ஆறு மணித்தியாலம் இரண்டாகச் சுருங்கிவிடும். திரையைத் தெரிவதிலேயே சிக்கனம் முழுவதும் தங்கியுள்ளது எனினும் மிகையன்று.

மின் திடீரென நின்றால் நினைவட்டையில் எழுதிக்கொண்டிருந்த தகவல் சிதைதலும், சிலவேளை அட்டை முழுவதுமே பயனற்றுப் போதலும் உண்டு. எனவே பற்றரி இடையறாது இணைந்திருக்குமாறு பூட்டி, அட்டையின் படியொன்றை வேறோர் அட்டையில் எடுத்து வைத்தல் வேண்டும். மாரியில் வாடைக்காற்றோடு ஈரம் மிகும்போது அவ்விரண்டாம் அட்டையை மூடியுள்ள சிறு போத்தலில், வறுத்தாறிய அரிசி சிறிது இட்டு வைக்கலாம்.