பாதி வழியில் திரும்பினால் வெட்கம் இல்லை!

குளிர் காலத்தில் மலை ஏறும் நார்வே மக்கள்

நார்வே நாட்டில் பெர்கன் என்று ஒரு கடற்கரை நகரம் இருக்கிறது. அதைச் சுற்றி 7 மலைகள். அவற்றில் உயரமானது உல்ரிக்கன் மலை.

உயரம் என்றதும் இமயமலையை நினைத்துவிட வேண்டாம். மொத்தம் 643 மீட்டர்தான். அதாவது சுமார் 2,100 அடி! விடுமுறை நாளில் குழந்தை குட்டிகளோடு ஏறிவிட்டு வருகிற மலை. நேபாளத்து ஷெர்ப்பாக்களை வரவழைத்து, 1,333 கல் படிகள் கட்டியிருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்குக் கம்பியில் தொங்கி ஓடும் 'ரோப் கார்' 1961-ல் வந்தது. ஆனால் காற்று பலமாக அடித்தால் அது ஓடாது.

மழை நின்றபிறகு ஏறலாமே என்று கேட்பீர்கள். பெர்கனில் அது நடக்கிற காரியமா? ஆண்டில் பாதி நாளுக்கு மேல் அங்கே மழைதான்! "கெட்ட வானிலை என்று எதுவும் இல்லை, கெட்ட உடைதான் உண்டு" என்பது அந்த நாட்டுப் பழமொழி.

மழை, மேலே பனி!

மலை ஏற ஏறக் குளிர் கூடும். ஊரில் தூறும் மழை, உச்சியில் பனியாகக் கொட்டும். கீழே நனைந்த சட்டை, மேலே போனதும் உடம்போடு ஒட்டிக்கொண்டு உயிரை வாட்டும்.

அதனால் பருத்திச் சட்டையை அவர்கள் தொடுவதில்லை. பருத்தி நனைந்தால் லேசில் காயாது. கம்பளியோ, நனைந்தாலும் ஓரளவு சூடு கொடுக்கும். உள்ளே கம்பளி பனியன், அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்று புகாத கோட்டு. படிகளில் பனி உறைந்து கண்ணாடிபோல் வழுக்கும் என்பதால், பூட்சின் அடியில் இரும்பு முட்களை மாட்டிக்கொள்கிறார்கள்.

பையில் டார்ச் விளக்கும் இருக்கும். பட்டப்பகலில் விளக்கு எதற்கு? டிசம்பர் மாதத்தில் அங்கே சூரியன் உதிக்கவே காலை 9½ மணிக்கு மேல் ஆகும். மாலை 3½ மணிக்கெல்லாம் மறைந்துவிடும்!

இவ்வளவு இருந்தும் ஆபத்து உண்டு. திடீரென்று மூடுபனி சூழும். தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. எது மேடு, எது பள்ளம் என்று தெரியாது. "உச்சி இதோ வந்துவிட்டது, இன்னும் கால் மணி நேரம்தான்" என்று மனம் ஆசை காட்டும். சின்ன மலைதானே என்ற அலட்சியமும் சேர்ந்துகொள்ளும்.

18 பேர் பலி

1967-ம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வேயில் இப்படி வெளியே போனவர்களில் 18 பேர் இறந்துபோனார்கள். நாடே பதறிவிட்டது. செஞ்சிலுவைச் சங்கமும் மலைநடைச் சங்கமும் வகுத்திருந்த விதிகளை அதன்பிறகு மூலைமுடுக்கெல்லாம் பரப்பினார்கள். அவற்றுக்கு 'மலைப் புத்தி' என்று பெயர். மொத்தம் 9 விதிகள்.

போகும் இடத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ என்கிறது ஒரு விதி. படமும் திசைகாட்டியும் எடுத்துப் போ என்கிறது இன்னொன்று. வழி தவறினால் ஓடி அலையாமல், தேவைப்பட்டால் பனியையே தோண்டி உள்ளே புகுந்துகொள்ளச் சொல்கிறார்கள். பனிக்குள் புகுந்தால் விறைத்துப் போகமாட்டார்களா? மாட்டார்கள். குழிக்குள் காற்று அடிக்காது. வெளியே இருப்பதைவிட அங்கே குளிர் குறைவு!

ஆனால் நார்வேயில் எல்லோர் வாயிலும் இருப்பது 8-வது விதிதான்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை.

சொல்வது சுலபம். பாதி மலை ஏறியபின் தகப்பனார் "திரும்பலாம்" என்றால் பிள்ளைகள் முகம் தொங்கிப்போகும். "இன்னும் கொஞ்சம்தானே அப்பா!" என்று சிணுங்கும். அப்போது பாறை மறைவில் உட்காரவைத்து, பிளாஸ்கில் இருந்து சூடாக ஊற்றிக்கொடுத்து, ஆளுக்கொரு சாக்லெட்டும் கொடுப்பார்கள். 'குவிக் லுன்ஷ்' என்ற அந்தச் சாக்லெட், மலைக்குப் போகிறவர்கள் பையில் தவறாமல் இருக்கும். அதன் உறையின் உள்பக்கத்தில் 9 விதிகளும் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன!

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதை உரக்கப் படிக்கும். அதற்குள் அம்மா பையைக் கட்டிவிடுவாள். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டுமே!